எந்த வரிசை என்று முருகன் காட்டினான்

அன்று அந்த மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் நாலு பேர். நான், என் மனைவி பார்வதி, நம் பஜனைக்கு வரும் வெங்கட்ராமன் சார், நொடித்த கம்பெனிகளின் சொத்தை விற்றுப் பங்கிடும் லிக்விடேட்டர் ஆபீசில் மனு வாங்கும் மிதாலி திதி (வங்காளியில் திதி என்றால் அக்கா). ஐந்தாவதாக முருகன் இருந்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார்டன் ரீச்சில் நான் வேலை பார்த்த குடோன் கம்பெனி நொடித்துப்போனது. பதினொரு மாதச் சம்பளம், இரண்டு லட்சத்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய், நின்றுவிட்டது. சொத்தை விற்று, பாக்கி உள்ளவர்களுக்கு வரிசைப்படி கொடுப்பார்கள், மனுப் போடு என்றார்கள். எந்த வரிசை? அங்கேதான் தலை சுற்ற ஆரம்பித்தது.

எங்கள் தாய்க் கம்பெனி சிங்கப்பூரில். அதுவும் அதே மாதம் மூழ்கியது. அங்கே வேலை பார்த்த மச்சினன் செல்வம் போனில் சொன்னான்: "அத்தான், இங்க மேனேஜரும் ஒண்ணு, மூட்டை தூக்கறவனும் ஒண்ணு. சம்பளப் பாக்கிக்கு எல்லாருக்கும் ஒரே லைன்தான், ஒரு அளவு வரைக்கும்."

இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து, மனுவில் 'ஸ்டோர் ஆஃபீஸர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சம்பளம் கூட்டிக் கேட்டபோது அதற்குப் பதிலாகக் கம்பெனி கொடுத்த பட்டம் அது, பெயர் போட்டுக் கார்டும் அடித்துக் கொடுத்தார்கள். பஜனைக்கு வரும் உங்களிடமும் அப்படியே சொல்லிக்கொண்டேன். நம் பஜனையில் பாதிப் பேர் பேங்க் ஆஃபீஸர்கள். எனக்கும் ஆசை இருந்தது.

பிறகு பயம் பிடித்துக்கொண்டது. சிங்கப்பூருக்கும் மனுப் போடணுமா? இரண்டு இடத்தில் போட்டால் ஜெயிலா? யாரைக் கேட்டாலும் ஒவ்வொன்று சொன்னார்கள். மனுக் கொடுத்த பதிமூன்றாம் நாள் நானும் பார்வதியும் வெங்கட்ராமன் சாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினோம். வீடு இருக்கும் பெஹாலாவிலிருந்து பஸ்ஸில் போகும்போது கண்ணை மூடி ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "முருகா, எனக்குப் புரியலை. நான் எந்த வரிசைன்னு நீயே காட்டு."

மிதாலி திதி மனுவைப் பார்த்து ஹிந்தியில் கேட்டார். "ஆஃபீஸரா? உங்களுக்குக் கீழ எத்தனை பேர்?"

"யாரும் இல்லை."

"லீவு குடுக்கிறது நீங்களா?"

"நானே கேட்டுத்தான் வாங்குவேன்."

"அப்ப என்னதான் வேலை?"

சார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் எதிரில் எப்படிச் சொல்வது? பார்வதிதான் தமிழில் வெடித்தாள். "ஆஃபீஸராம் ஆஃபீஸர்! இவர் தோளுக்குத் தைலம் தேய்ச்சே என் கை தேஞ்சு போச்சு. மூட்டை தூக்குறேன்னு சொல்லுங்களேன்!"

சொன்னேன். ஹிந்தியில் சொல்லி, சாரிடம் தமிழிலும் சொன்னேன். அழுகை வந்துவிட்டது. சார் சிரித்தார். "எனக்குத் தெரியாதா ஓய்? பதினெட்டு வருஷம் பேங்க்ல ஆஃபீஸரா இருந்தேன். என் கை இப்படியா காய்ச்சிருக்கு?"

திதி விளக்கினார். "சிங்கப்பூரை மறந்துடுங்க. நீங்க அந்தக் கம்பெனி ஆள் இல்ல, சட்டமும் வேற. இங்க தொழிலாளி, அடமானம் வாங்கிக் கடன் குடுத்த பேங்க்கோட சமமா நிப்பார். ஆஃபீஸர் அவங்களுக்குப் பின்னாடி. கார்டுல என்ன இருக்குன்னு இல்ல, செஞ்ச வேலைதான் கணக்கு. மனுவைத் திருத்தப் பதினாலு நாள்தான். நாளைக்குக் கடைசி நாள்."

அங்கேயே அடித்துத் திருத்தினேன். 'சாமான் ஏற்றி இறக்குபவர்.'

ஏன் இரண்டு தேசத்தில் இரண்டு நியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது, அது பார்வதி வாயால் வந்தது. ஆஃபீஸர் வரிசைக்கு இதுவரை ஒரு பைசா வரவில்லை. எனக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் வந்துவிட்டது. அந்தக் கார்டுகளைக் கிழித்துப் போட்டேன். இப்போது யார் கேட்டாலும் மூட்டை தூக்குகிறேன் என்கிறேன், மனசு லேசாக இருக்கிறது.

குழம்பி நிற்பவர்கள் யாராவது இதைப் படித்தால், புரியவில்லை என்றே அவனிடம் சொல்லுங்கள். பட்டத்தை வாசலில் விட்டுவிட்டுப் போய்ச் சொல்லுங்கள். மீதியும் வரும் என்று நம்பி இருக்கிறேன். இன்னும் வரவேண்டியது எண்பத்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.