முதுகில் தட்டிய ஏழு

சுடலைமுத்துவைப் போருக்கு அனுப்பியவன் நான்தான். அனுப்பிவிட்டு, பொய் சொல்லி நான் மட்டும் வீடு திரும்பினேன்.

எனக்கு இப்போது எண்பத்திரண்டு. இன்றுவரை எவரிடமும் சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

என் சிநேகிதன் அவன், தூரத்துப் பார்வை கிடையாது. ஐந்தருவியில் தள்ளி நின்றுகொண்டு, "ஒண்ணுதானலே விழுது" என்பான். அவன் அண்ணன்மார் இருவர் போலீஸில். இவனை வீட்டில் குருடன் என்றே கூப்பிட்டார்கள். போர் மூண்டு, தென்காசியில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும், சேரலாம் என்று முதலில் சொன்னவன் நான். நீ வந்தால் நானும் வருகிறேன் என்றான். கண் சோதனைக்கு வழி சொன்னவனும் நானே... பள்ளிக்கூடம் முடித்த மூளை!

ரயில் நிலையத்துக்கு எதிரே வரிசை. நாற்பத்தொரு பேர், சாரலில், சட்டையில்லாமல். அவன் பதினெட்டு, நான் பத்தொன்பது. பதினைந்து அடி தள்ளி டாக்டர் ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்தார். அதிலுள்ள புள்ளிகளை எண்ண வேண்டும். பின்னால் நின்று அவன் ஈர முதுகில் ஏழு முறை தட்டினேன். ஏழு என்றான். எடுத்துக்கொண்டார்கள்!

அடுத்து நான். வேறு அட்டை, ஐந்து புள்ளிகள். பளிச்சென்று தெரிந்தன. அப்போதுதான் பயம் வந்தது. எடுத்தே விடுவார்களே... மூன்று என்றேன். இன்னொரு அட்டை, அதையும் தப்பாகச் சொன்னேன். தள்ளிவிட்டார்கள்.

அவன் என் முகத்தருகே வந்து உற்றுப் பார்த்தான். "ஏலே, ஒனக்குமா? எங்கிட்ட சொல்லவே இல்லியே."

கோபமில்லை, எனக்காக வருத்தம்! அப்போதாவது டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அவனும் வீடு திரும்பியிருப்பான். ஏன் சொல்லவில்லை? தெரியவில்லை... இல்லை, தெரியும். என் பொய்யும் வெளியே வந்துவிடும்.

இரண்டு வருடம் ஐந்து மாதம். பர்மாவில் இறந்தான் என்று தாள் வந்தது.

துக்கம் கேட்கக் கடையத்துக்குப் போனேன். அவன் மனைவி பேச்சியம்மாள் ஒன்றே ஒன்று கேட்டாள். "எதுக்க வாற ஆளே அவுகளுக்குத் தெரியாதே அண்ணாச்சி... எப்படி எடுத்தாக?"

கூடத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். "ஆளு வேணும்லாம்மா. சரியாப் பாத்திருக்க மாட்டாக" என்றேன்.

பிறகு, "ஒங்களயாச்சும் ஒழுங்காப் பாத்தாகளே" என்றாள்.

தலையாட்டினேன்.

அவள் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. அன்று சொன்னதை மாற்றிச் சொல்ல இனி அவள் இல்லை.