லோயர் காக்கா எழுதிய ஒற்றை வரி

என் தையல் கடைக்கு நேர் எதிர் வீடுதான் சட்டத்தரணி காலிதீனுடையது. ஊர் முழுக்க அவரை லோயர் காக்கா, அதாவது வக்கீல் அண்ணன், என்றே கூப்பிடும். அவர் முதன்முதல் நீதிமன்றம் ஏறியபோது போட்ட கறுப்புக் கோட்டை நான்தான் தைத்தேன். அதைப் பதினொரு வருசம் போட்டார். போடும்போதெல்லாம் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து வைத்திருப்பார். வலது கை மட்டும்தான் ஆடும். "என்ன ஸ்டைல் பாருங்க" என்று இளம் சட்டத்தரணிமார் இரண்டு பேர் தாங்களும் கையை மடித்துக்கொண்டு திரிந்தார்கள்.

பதினோராம் வருசம் புதுக் கோட்டு தைக்க அளவுக்காகப் பழையதைக் கொண்டுவந்தார். மேசையில் விரித்துப் பார்த்தேன். கோட்டின் இடது கை இரண்டு விரல் அளவு குட்டை. நான் வெட்டிய வெட்டு.

"என்ன காக்கா, ஒரு வார்த்தை சொல்லியிரிக்கலாமே!"

"அப்ப நீ கடை தொறந்து ஒரு மாசம். சனம் என்ட கோட்டைப் பாத்துத்தான் உனக்கிட்ட வரத் தொடங்கிச்சு. மறுகா எனக்கும் பழகிப் போச்சு," என்றார்.

நற்பிட்டிமுனை வயல்காரர் ஒருவரின் மகன் அவர். கல்முனையில் மாடு வேலி பாய்ந்த வழக்கும் வாய்க்கால் வழக்கும் பேசிக்கொண்டிருந்த மனுசன். வரிப்பத்தான்சேனை வாய்க்கால் வழக்கொன்றில் மற்றவர்கள் கட்டுக்கட்டாகக் கடதாசி கொடுக்க, இவர் ஒரே ஒரு தாள் கொடுத்தார். அந்தத் தாள் எப்படியோ கொழும்புக்குப் போய், அரசாங்கத்தை நடத்திக்கொண்டிருந்த பெரியவரின் கண்ணில் பட்டது. "இந்த ஆளைக் கூப்பிடுங்க" என்றாராம். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு லோயர் காக்கா அவருக்குச் சட்ட ஆலோசகராகப் போனார்.

ஊர், ஆலோசகர் என்பதை அமைச்சர் என்று எடுத்துக்கொண்டது. மதகு உடைந்தவர், மகளுக்கு ஆசிரியர் இடமாற்றம் வேண்டியவர், மச்சானோடு கோபித்துக்கொண்டவர் எல்லாரும் அவர் வீட்டு விறாந்தையில் வந்து குந்தினார்கள். அவர் மனைவி சுபைறா ராத்தா தேத்தண்ணி ஊற்றியே களைத்துப் போனார்.

"வீட்டில என்ட புத்தியை ஒருநாளும் கேக்காத மனுசன், நாட்டுக்குப் புத்தி சொல்றாராம்," என்பார். ஆனால் கலியாண வீடுகளில் முன்வரிசைக் கதிரை கிடைத்ததை அவர் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

பதவியோடு வீட்டுக்கு ஒரு தொலைபேசியும் வந்தது. எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் ஃபோன். லோயர் காக்கா ஒரு சட்டம் வைத்தார்: இங்கிருந்து யாரும் பேசக் கூடாது, வெளியிலிருந்து வருவதை யாரும் எடுக்கலாம். "வாற கோலுக்கு அரசாங்கத்துக்குச் செலவில்ல." என் மகள் றிஸ்னா அப்போது றியாத்தில் ஒரு வீட்டில் வேலை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து இரண்டு மணிக்கு அவளுடைய கோல் வரும். ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் நானும் என் மனைவியும் ஆறு நாள் இருந்தோம் என்று சொன்னாலும் பிழையில்லை.

லோயர் காக்கா ஞாயிறு பின்னேரம் கொழும்பு பஸ் ஏறி, வெள்ளி காலையில் திரும்புவார். பெரியவருக்குக் கொடுக்க வேண்டிய ஆலோசனையை முதலில் தமிழில் எழுதுவார். சனிக்கிழமை என் கடைக்குக் கொண்டுவந்து வாசிப்பார். நான் அஞ்சாம் வகுப்பு. எனக்கு விளங்கினால்தான் இங்கிலீசில் எழுதி ஒப்பம் வைப்பார். அரசாங்க இரகசியத்தைத் தையல்காரனுக்குச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். அவர் ஆளையும் ஊரையும் மாற்றித்தான் வாசிப்பார். பெரியவர் பள்ளிவாசல் தலைவராகிவிடுவார், அமைச்சர்மார் அதை நிர்வகிக்கும் மரைக்கார்மாராகிவிடுவார்கள். நாட்டில் நடந்ததெல்லாம் ஒரு பள்ளிவாசல் நிர்வாகச் சண்டையாக எனக்கு வந்து சேரும். சில கிழமை அந்தப் பள்ளியை நினைத்து எனக்கே வெட்கமாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலையில் வந்து உட்கார்ந்தார்.

"ஜவுபர், பள்ளித் தலைவருக்குப் பாங்கு சொல்ற மோதினாரில கோபம். விசாரிக்காம, அவர்ட பேச்சைக் கேக்காம வேலையால நிப்பாட்டலாமா எண்டு கேக்கார்."

"ஏலுமா காக்கா?"

"ஏலாது. ஆனா தலைவருக்கு ஏலும் எண்ட பதில்தான் வேணும். ஏலாது எண்டு எழுதினா மோதினாரோட சேத்து என்னையும் அனுப்பிருவார். வாசிக்கிறன் கேளு."

இரண்டு பக்கம் வாசித்தார். எல்லாம் விளங்கியது. அதோடு இன்னொன்றும் விளங்கியது. இவர் போனால் ஃபோனும் போகும். ஃபோன் போனால் றிஸ்னாவின் சத்தமும் போகும். மோதினார் என்று சொன்ன அந்த அதிகாரி யாரோ, எந்த ஊரோ. என் மகள் என் மகள்தானே.

"விளங்கல்ல காக்கா," என்றேன்.

அல்லாஹ் மன்னிக்க வேண்டும். அவருக்கு நான் சொன்ன முதல் பொய் அது. விளங்காவிட்டால் ஒப்பம் இல்லை, ஒப்பம் இல்லாவிட்டால் கடதாசி போகாது என்று கணக்குப் போட்டேன்.

பகல் லுஹர் தொழுகை முடிந்து திரும்பி வந்தார். இரண்டு பக்கம் அரைப் பக்கமாகியிருந்தது. "சாதாரணமாக", "இயன்றவரை", "எனினும்" என்று முன்பு இருந்த சொற்களையெல்லாம் வெட்டியிருந்தார்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் மசங்கலாத்தான் இரிக்கி."

பின்னேரம் அஸர் தொழுகையும் முடிந்து ஒரே ஒரு வரியோடு வந்தார். "ஒருவரின் பேச்சைக் கேட்காமல் அவரை நிறுத்த முடியாது. உங்களாலும் முடியாது."

முதலில் எழுதியதில் பெரியவர் நுழைந்து வெளியேற நாலு ஓட்டையாவது இருந்தது. நான் விளங்கல்ல, விளங்கல்ல என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாக அடைத்துவிட்டேன். போதாததற்கு "உங்களாலும் முடியாது" என்று ஒரு பூட்டு வேறு.

"காக்கா, முதல் எழுதினது நல்லாயிருந்திச்சே," என்றேன்.

"அதுதான் விளங்கல்லையே உனக்கு!"

இரவுத் தொழுகையில் எத்தனை றக்அத் தொழுதேன் என்று எனக்கு நினைவில்லை. ஞாயிறு சுபஹ் தொழுத கையோடு அவர் வீட்டுப் படலையைத் தட்டினேன்.

"முதல் வாசிக்கக்குள்ளேயே விளங்கிட்டு காக்கா. பொய்தான் சொன்னன். றிஸ்னாட கோலுக்காக."

அவர் கோபிக்கவில்லை. "தெரியும். உண்மையா விளங்கல்லெண்டா நீ நெத்தியைச் சொறிவாய். நேத்து கை அசையவேயில்ல."

"தெரிஞ்சும் ஏன் திரும்பத் திரும்ப எழுதினீங்க?"

"ஒவ்வொரு தரமும் நல்லா வந்திச்சே! எனக்கும் ஃபோன் போற கவலை இரிக்கி ஜவுபர். இன்னும் சுபைறாக்குச் சொல்லல்ல. அதைச் சொல்றதுக்கு ஒரு ஆலோசகர் வேணும்."

பின்னேரம் அந்த ஒற்றை வரியோடு பஸ் ஏறினார்.

மூன்று கிழமையில் பதில் வந்தது. உங்கள் சேவைக்கு நன்றி, இனிமேல் தேவையில்லை என்று இரண்டே வரி. லோயர் காக்கா அதைக் கடைக்குக் கொண்டுவந்து காட்டினார்.

"நல்லா எழுதியிரிக்காங்க. ஒரு சொல் கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

அடுத்த நாளே விறாந்தை வெறிச்சோடியது. "அல்ஹம்துலில்லாஹ், என்ட வீட்டுக் கதிரையில எனக்கும் இரிக்க இடம் கிடைச்சிட்டு," என்று சுபைறா ராத்தா சொன்னார். சொல்லிவிட்டு மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

ஃபோனைக் கழற்ற பாண்டிருப்பு நல்லரெத்தினம் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு வந்தார். றிஸ்னாவின் கோலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம். கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்க எனக்குக் கூச்சம். லோயர் காக்காவோ சட்டம் தெரிந்தவர், எப்படிக் கேட்பார்? சுபைறா ராத்தாதான் கேட்டார்.

"தம்பி, ரெண்டு மணிக்கு இவர்ட மகள் சவூதியில இரிந்து கோல் எடுப்பா."

நல்லரெத்தினம் ஃபோன் தூணை அண்ணாந்து பார்த்தார். "இந்த வெயிலுக்குள்ள ஆரு ஏறுறது அக்கா? நீங்க ஜும்மாவுக்குப் போயிட்டு வாங்க. நான் வயரைச் சோதிக்கிறன்." வயரைச் சோதித்தபடியே ராத்தா போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டு, மா மரத்தடியில் ஒரு கோழித்தூக்கமும் போட்டார்.

இரண்டு மணிக்கு மணி அடித்தது. இதுதான் கடைசிக் கோல் என்று றிஸ்னாவிடம் சொன்னேன். அவள் அழுவாள் என்று பயந்தேன். அவளோ, "வாப்பா, அக்கரைப்பற்றில ஃபோன் கதைக்கிற கொமினிகேசன் கடை இரிக்காம். நம்பரை எடுத்துக் கடிதத்தில எழுதுங்க," என்றாள். அதற்குப் பிறகு அவள் ஊர் திரும்பும்வரை, இரண்டு வருசம், எங்கள் ஜும்மா அக்கரைப்பற்றில்தான். பஸ்ஸில் போய், வரிசையில் நின்று, கண்ணாடிக் கூட்டுக்குள் ஊர் கேட்கக் கத்திக் கதைத்தோம்.

லோயர் காக்கா மறுபடி மாட்டு வழக்குக்கே வந்தார். நான் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். "காக்கா, அந்த மோதினார் என்ன ஆனார்?"

"அது சொல்லக்கூடாத கதை," என்பார்.

தொண்ணூற்றெட்டில் அவருக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. கொழும்புக்கு வைத்தியம் பார்க்கப் போனவர் திரும்பி வரவில்லை. அன்று பஸ் ஏற்றிவிட நானும் போயிருந்தேன். சுபைறா ராத்தா உள்ளே மருந்துப் பையைத் தேடிக்கொண்டிருந்தார். பஸ் உறுமத் தொடங்கியதும் லோயர் காக்கா யன்னலால் தலையை நீட்டி என்னைக் கிட்ட கூப்பிட்டார்.

"ஜவுபர், இப்ப அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, சொன்னாப் பிழையில்ல. அந்த மோதினாரை விசாரிச்சாங்க. ஆள் பிழைதான் செஞ்சிரிக்கார், நிப்பாட்டிட்டாங்க. ஆனா அவர்ட பேச்சை முழுசாக் கேட்டுட்டுத்தான் நிப்பாட்டினாங்க. சொல்லு, அது போதாதா?"