எட்டுக் கோப்பை ஒன்றாக வற்றும்வரை

போன கிழமை தொண்டை கரகரத்ததால் ஒரு பைக்கற் கசாயத் தூள் வாங்கினேன். சுடுதண்ணீரில் கொட்டிக் கலக்கினால் போதும், ஒரு நிமிட வேலை. ஆவியில் திப்பிலி மணத்தது. அவ்வளவுதான், வெள்ளவத்தையில் ரயில் பாதையை ஒட்டியிருந்த எங்கள் பழைய பெண்கள் விடுதிக்குள் நினைவால் போய் நின்றுவிட்டேன்.

அங்கே என் அறைத்தோழி யோகம் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரி, ஒரு கம்பனியில் தட்டச்சு வேலை. நான் ஹட்டனிலிருந்து வந்தவள். எங்கள் பக்கம் இழுப்பு என்பதை அவர் முட்டு என்பார். பெயர் எதுவானாலும், கடற்காற்று குளிர்ந்தால் அவர் நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி முனகத் தொடங்கும். டாக்டர் தந்த குளிசை போட்டால் கை நடுங்கித் தட்டச்சில் பிழை வரும். அதனால்தான் கிருலப்பனையில் இருந்த சிங்கள ஆயுர்வேத வைத்திய அம்மாவிடம் போனோம். நாங்களும் சிங்களத்தில் வைத்திய அம்மா என்று பொருள்பட அவரை வெதநோனா என்போம். ஆடாதோடை, கண்டங்கத்தரி, சுக்கு, திப்பிலி எல்லாம் கடதாசியில் சுற்றித் தருவார். எட்டுக் கோப்பைத் தண்ணீர் ஒன்றாக வற்ற வேண்டும். தயிர் கூடாது, பின்னேரத்தில் தலை முழுகக் கூடாது. கடைசியில் ஒவ்வொரு முறையும் சொல்வார்: "முட்டு கூடினா என்ட மருந்து பாக்க வேணாம் மகள். ஆஸ்பத்திரிக்குப் போங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் மண்ணெண்ணெய் அடுப்பின் முன்னால் குந்தியிருந்து காய்ச்சுவது என் பொறுப்பு. கதைப்புத்தகத்தில் மூழ்கி இரண்டு தடவை சட்டியைக் கருக்கியிருக்கிறேன். கசாயம் வற்ற வற்ற அறை முழுவதும் ஈரமான ஒரு கைப்பு மணம். சன்னலுக்கு அப்பால் ரயில், அதற்கும் அப்பால் கடல். யுத்தம் வேறு யாருடைய நாட்டிலோ நடப்பதுபோல் இருக்கும்.

அப்படியொரு காலையில்தான் பொலிஸார் விடுதியைச் சுற்றி வளைத்தார்கள். வடக்கிலிருந்து வந்து தங்கும் தமிழர் பொலிஸில் பதிய வேண்டும்; யோகம் அக்காவின் பதிவு பிந்திவிட்டதாம், ஏற்றிக்கொண்டு போனார்கள். கசாயத்தைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு ஓடினேன். வழியில் ஒரு கடையில் நின்று வெதநோனாவுக்குக் கோல் எடுத்தேன். எங்களுக்காகச் சிங்களத்தில் கதைக்க வேறு யாரைத் தெரியும்?

"மொக்கத மே?" இது என்ன என்று வாசலில் நின்ற பொலிஸ்காரர் மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"பெஹெத், சேர்." மருந்து என்பதற்கு எனக்குத் தெரிந்த சிங்களம் அது ஒன்றுதான். அவர் நம்பவில்லை. நானே ஒரு மிடறு குடித்துக் காட்டினேன். கைப்பில் என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே விட்டார்.

யோகம் அக்கா வாங்குப் பலகையில் முன்னுக்குக் குனிந்தபடி இருந்தார். பூனைக்குட்டியின் சத்தம்கூட இல்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒரு வாய் குடித்தார். மூச்சு வரவில்லை.

"பிள்ளை, ஏலாமக் கிடக்கு." உதடு நீலம் பாரித்திருந்தது.

அந்த நேரம் வெதநோனா ஓட்டோவில் வந்து இறங்கினார். "மகே லெடா," என்னுடைய நோயாளி, என்று சொல்லிப் பொறுப்பதிகாரியின் மேசையில் தன் கொப்பியை விரித்தார். அக்காவின் பெயர், விலாசம், மூன்று வருடமாக வந்துபோன திகதிகள் எல்லாம் அதில் இருந்தன. பிறகு என் கையிலிருந்த பிளாஸ்கை வாங்கி மூடினார். "இது இப்ப சரிவராது. ஆஸ்பத்திரி."

பொலிஸ் ஜீப்பிலேயே கொண்டுபோனார்கள். முன்சீட்டில் வெதநோனா, பின்னால் அக்காவின் தலையை மடியில் வைத்தபடி நான். மூன்றாம் நாள் அக்கா அறைக்குத் திரும்பி, முதல் வேலையாக என் சமையலில் பிழை கண்டுபிடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

விடுதி இருந்த இடத்தில் இப்போது ஒன்பது மாடி. யோகம் அக்கா கனடாவில் முட்டுக்குப் பம்ப் அடித்துக்கொண்டு நலமாக இருக்கிறார். வெதநோனாவின் கிருலப்பனை வீட்டைத் தேடிப் போனேன். அங்கே வாகனத் தரிப்பிடம். பக்கத்துக் கடையில் விசாரிக்கப் போனவள், என்னவென்று கேட்பது எனத் தெரியாமல் திரும்பி வந்து அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"வெதநோனாவின் பேர் என்னக்கா?"



"நாங்கள் கேக்கவேயில்லையே, பிள்ளை."