பாஸிங் சக்கரங்கள்

பழைய பைக் விற்கிறவனுக்கு வருஷம் முழுக்க ஆயிரம் கவலை இருக்கலாம். பாஸிங் நாளில் மட்டும் ஒரே கவலைதான். சோதனை நிலையத்தில் வண்டியைக் காட்டி, ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று வருஷா வருஷம் சீட்டு வாங்கினால்தான் முல்கியா என்கிற பதிவு அட்டையைப் புதுப்பிக்க முடியும். முல்கியா இல்லாத வண்டி இங்கே வெறும் இரும்பு. அந்த வரிசையில் வெயிலில் நின்று, வண்டியை விட அதிகமாக நடுங்கிய அன்பர்களே, ஷார்ஜாவில் காசிம் பாய் கடையில் பதினோரு வருஷமாகப் பாஸிங் டியூட்டி பார்க்கிறவன் சொல்கிறேன். இதில் பெருமைப்பட எதுவும் இல்லை.

ஹார்னும் லைட்டும்

வேலைக்குச் சேர்ந்த புதிது. முதன்முதலாகத் தனியாக ஒரு வண்டியைக் கொண்டுபோனேன். ஹார்னை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன், சத்தம் வந்தது, ஹெட்லைட் அணைந்தது. லைட்டைப் போடச் சொன்னார்கள். போட்டேன், ஹார்ன் ஊமையானது. நான் வேறு, ஏதோ மந்திரம் பலிக்கும் என்பதுபோல் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருந்தேன். ஃபெயில். வரிசையில் இருந்த அத்தனை பேரும் பார்க்க வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் நின்ற யாழ்ப்பாணத்துக்காரர் ஆறுதல் சொல்கிற முகத்தோடு சொன்னார்: "ரெண்டும் ஒரு வீட்டு மருமக்கள் போல, அண்ணை. ஒண்டு வாய் திறந்தா மற்றது முகத்தைத் திருப்புது."

பச்சைப் பெயின்ட்

டெலிவரிக்காரர்கள் ஓட்டுவது பெரும்பாலும் ஒரே மாடல் வண்டி. ஒன்றின் சக்கரம் இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தும். இதை வைத்து ஒரு வழி கண்டுபிடித்தவன் நான்தான். புது டயர் போட்ட ஒரு ஜோடிச் சக்கரத்தைக் கடையில் தனியாக வைத்தேன். பாஸிங்குக்குப் போகிற வண்டிக்கு அதை மாட்டுவேன். சீட்டு வாங்கித் திரும்பியதும் கழற்றிவிட்டு, பழைய வழுக்கைச் சக்கரத்தையே மாட்டி வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுவேன். கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய கோட்டு மாதிரி. காசிம் பாய்க்கும் தெரியும். "மூளைக்காரன்டா நீ" என்று தட்டிக்கொடுத்தார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

சோதிக்கிறவர்களில் ஒருவர் பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுவார். அந்த இரவல் ஜோடியில் முன் சக்கரத்தின் விளிம்பில் ஒரு சொட்டுப் பச்சைப் பெயின்ட் உண்டு. ஒருநாள் அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். முந்தின வாரம் வேறு வண்டியில் பார்த்திருப்பார். நான் பல்லை இளித்தேன், அவர் சிரிக்கவில்லை. டயர் சரியாக இருந்தது, பாஸ் எழுதித்தான் ஆகவேண்டும். சீட்டை நீட்டும்போது சொன்னார்: "வண்டியை செக் பண்ண ஃபார்ம்ல கட்டம் இருக்கு. கொண்டுவர்ற ஆளை செக் பண்ண இல்லை."

பாண்டி வாங்கி வந்த டீ

பாண்டி பரமக்குடிக்காரன். எங்களிடம் பழைய வண்டி வாங்கி, ஒரு பிரியாணிக் கடைக்கு டெலிவரி ஓட்டுகிறவன். வண்டி நின்றால் அவன் அடுப்பும் நிற்கும் என்பதால் பாஸிங் அன்று லீவு போட்டுக் கூடவே வந்தான். பாஸ் ஆனதும் டயரைத் தடவிப் பார்த்தான். கோடெல்லாம் இவ்வளவு பள்ளமாக இருக்கிறதே, இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும் என்று சந்தோஷப்பட்டான்.

கடைக்கு வந்ததும், களைத்திருப்பாய், போய் டீ குடித்துவிட்டு வா என்று அனுப்பினேன். அவன் போன பிறகு சக்கரங்களை மாற்றினேன். கை அவசரத்தில் ஒரு நட்டு நழுவி உருண்டது. அதைத் தேடிக் குனிந்திருந்தபோதே அவன் வந்துவிட்டான். டயரைப் பார்க்கவில்லை. கையில் ரெண்டு பேப்பர் கப். "நீங்களும் காலைலேர்ந்து வெயில்லதானண்ணே நின்னீங்க. உங்களுக்கும் ஒண்ணு வாங்கியாந்தேன்."

முதல் மழை

இங்கே மழை வருஷத்தில் சில நாள்தான். முதல் மழையில் ரோட்டின் எண்ணெய் எல்லாம் மேலே வந்துவிடும். அப்படியொரு நாளில் ரவுண்டானாவில் பாண்டியின் பின் சக்கரம் வழுக்கியது. வலது மணிக்கட்டு முறிந்தது. கையில் மாவுக்கட்டோடு கடைக்கு வந்தான். ரூம் நண்பன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பாண்டியின் வேலை போய்விடக் கூடாது என்று கட்டுப் பிரிக்கும்வரை அந்த நண்பன் டெலிவரி ஓட்டப்போகிறானாம்.

காசிம் பாயிடம் கேட்காமலே பச்சைப் பெயின்ட் சக்கரங்களை அந்த வண்டிக்கு மாட்டினேன். முறுக்கிய நட்டையே மறுபடி மறுபடி முறுக்கினேன். பாண்டி ஸ்டூலில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் தலை நிமிரவில்லை. கிளம்பும்போது மெதுவாகச் சொன்னான்: "வண்டி மேல தப்பில்லண்ணே. நீங்க பாஸ் பண்ணிக் குடுத்த வண்டி. எனக்குத்தான் ஓட்டத் தெரியல."

ஃபெயிலான வண்டிக்குக் குறையை எழுதி, சரிசெய்து மறுபடி வா என்று ஒரு சீட்டாவது கொடுப்பார்கள். எனக்கு அதைக் கொடுத்திருக்க வேண்டியவன் இடது கையால் சலாம் வைத்துவிட்டுப் போய்விட்டான்.