டபுள் பாஸின் கழுத்து

எழுபதுகளின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு வார்ப்பாலையில் பேட்டர்ன் மேக்கராக இருந்தேன். இரும்பில் எதை வார்ப்பதானாலும் முதலில் அதை மரத்தில் செய்ய வேண்டும். அந்த மர உருவை மணலில் பதித்து எடுத்தால் விழும் பள்ளத்தில்தான் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். பம்பு உறை, பல்சக்கரம், வால்வு மூடி என்று பத்து வருடமாக மரத்தில் செய்துகொண்டிருந்தேன். பாட்டு, கச்சேரி என்று எங்கும் போய் உட்கார்ந்தவனில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை கம்பெனி வேன் எங்கள் பேட்டர்ன் ஷாப் வாசலுக்கே வந்து நின்றது. வழக்கமாக அது ஆபீஸ் பக்கம்தான் நிற்கும். முன்சீட்டிலிருந்து மேனேஜர் இறங்கினார். பின்னாலிருந்து இறங்கியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரர். வழுக்கைத் தலை, அகன்ற தோள். அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. வேனுக்குள் கம்பளி சுற்றிக் கிடந்த ஒன்றையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்கு பேர் சேர்ந்து அதை இறக்கி என் மேசைமேல் கிடத்தினோம். கம்பளியைப் பிரித்தால், பெரிய வயலின் மாதிரி ஒரு வாத்தியம். நிறுத்தி வைத்தால் என்னைவிட உயரம் இருக்கும். அதன் கழுத்து, உடலோடு சேருகிற இடத்தில் முறிந்து, கம்பிகளின் பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மேனேஜர் சொன்னார்: "இதுக்கு டபுள் பாஸ்னு பேரு. சிட்டியில நாளையிலேர்ந்து மூணு நாள் ஜாஸ் விழா. நானும் கமிட்டியில இருக்கேன். இவங்க குழு போலந்துலேர்ந்து வந்திருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் இவங்க வாசிக்கணும். வர்ற வழியில எங்கேயோ உடைஞ்சு போச்சு. வேற ஒருத்தரோடதை வாங்கித் தரேன்னா ஒத்துக்க மாட்டேங்கறார். இருபது வருஷமா இதுலதான் வாசிக்கிறாராம்."

எங்கள் மேஸ்திரி அம்பத்தூர்க்காரர். எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். "சார், இது நம்ம வேல இல்ல சார். பேட்டர்ன் ஒடஞ்சா வேற ஒண்ணு செஞ்சிக்கலாம். இது போச்சின்னா இன்னா சார் பண்றது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "நைனா, தெரியாதுன்னு சொல்லிடு. மாட்டிக்காத" என்றார்.

நான் முறிவைப் பார்த்தேன். சுத்தமான முறிவு. மரத்தின் ரேகை வழியாகவே நீளமாகப் பிளந்திருந்தது. மரச் சிம்பு எதுவும் உதிர்ந்து தொலையவில்லை. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் கோடு மட்டும்தான் தெரிந்தது. உள்ளே பழைய வஜ்ஜிரத்தின் தடம் இருந்தது. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற அந்தப் பசையைத்தான் அப்போது நாங்களும் பயன்படுத்தினோம். ஆக, இது எனக்குத் தெரிந்த மரவேலைதான். "செய்யலாம் சார்" என்றேன். தைரியத்தில் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னேன்.

பழைய பசையைச் சுரண்டுவதற்குக் கத்தியை வைத்ததும் அந்த மனிதர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இறுக்கமான பிடி. அவருக்கும் ஆங்கிலம் கொஞ்சம்தான், எனக்கும் கொஞ்சம்தான். நான் கத்தியை அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் இரண்டு இழுப்பு சுரண்டினார். தூள் பறப்பதைப் பார்த்தார். பிறகு கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

கழுத்தின் வளைவுக்குப் பொருந்தும்படி இரண்டு மரக்கட்டைகளைக் குடைந்து எடுக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. வஜ்ஜிரத்தைச் சூடாகப் பூசி, கட்டைகளை இருபுறமும் அணைத்து, கிளாம்ப் போட்டு முடுக்கினேன். "சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். போலந்துக்காரர் வாத்தியத்தின் மேல் கம்பளியைத் தானே போர்த்தினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமையும் வந்தார். தொடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். மாலை ஷிப்ட் முடிந்ததும் என் தோளைத் தட்டி, "யூ கம், மியூசிக்" என்றார். மேனேஜரின் காரில் மூவரும் போனோம். வேலைக்குப் போட்டிருந்த சட்டையோடுதான் போனேன்.

நகரத்தில் ஒரு திறந்தவெளி அரங்கம். வந்திருந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள், ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள், நல்ல உடுப்பு போட்ட ஆபீசர்கள். முதலில் பம்பாயிலிருந்து வந்த ஒரு குழு ஏறியது. டிரம்பெட், பியானோ, டிரம்ஸ், கூட ஒரு டபுள் பாஸ். எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசித்தார்கள். அது முடிந்ததும் ஒவ்வொருவராக அதைப் பிரித்துப் போட ஆரம்பித்தார்கள். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். எங்கே ஆரம்பித்தது, எங்கே திரும்பி வரும் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எல்லோரும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தார்கள், கூட்டம் கைதட்டியது.

நான் பாஸ் வாசித்தவரை மட்டும் பார்த்தேன். அந்த வாத்தியத்தை வில்லால் மெல்ல இழுப்பார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் வில்லையே தொடவில்லை. வலது கையின் இரண்டு விரலால் கம்பியைப் பிடித்து இழுத்து விட்டார். கிணற்றில் கயிறு இழுப்பதுபோன்ற இழுப்பு. இடது கை கழுத்தைப் பிடித்து அழுத்தியபடி மேலும் கீழும் ஓடியது. ஒவ்வொரு இழுப்புக்கும் கழுத்து அதிர்வது நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. இப்படி இரண்டு மணி நேரம். நான் போட்டிருந்தது வெறும் பசை.

பக்கத்தில் போலந்துக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, இடது கை விரல்களைத் தொடைமேல் நகர்த்திக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை சீக்கிரமே வேலைக்குப் போய்விட்டேன். பெட்டி செய்யும் தச்சர்கள் இரும்பு ஆணிக்குப் பதிலாக மூங்கில் ஆணி அடிப்பார்கள். அது மரத்தோடு சேர்ந்து விரியும், சேர்ந்து சுருங்கும். முற்றிய மூங்கிலில் இரண்டு ஆணி சீவி வைத்தேன். போலந்துக்காரர் வந்ததும் அவற்றையும் கைத்துளையியையும் காட்டி, கழுத்தின் அடியில் எந்த இடம் என்று பென்சிலால் புள்ளி வைத்தேன். அவர் புள்ளிகளை வெகுநேரம் பார்த்தார். தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டார். நான் துளை போட்டு ஆணிகளை அடித்து முடிக்கும் வரை உள்ளே வரவே இல்லை. மணல் குவியல் பக்கத்தில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாராம். மோல்டிங் ஆட்கள் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

மத்தியானம் கிளாம்பைக் கழற்றினேன். அவர் கம்பிகளை ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். கழுத்து நின்றது.

அன்று மாலை கச்சேரிக்கு நானும் வரவேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஏதாவது ஆனால் பக்கத்தில் ஆள் வேண்டும் என்பது அவர் எண்ணம். என் மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். அவள் நூம்பல் கிராமத்துப் பெண். அவளைப் பெற்றவர்கள் கழனி வேலை செய்தவர்கள். புதிய இடம், புதிய ஆட்கள் என்றால் நான் ஒடுங்கிவிடுவேன், அவள் அப்படியில்லை. மேடைக்கு இடதுபுறம், திரைச்சீலையை ஒட்டி எங்களுக்கு இரண்டு நாற்காலி போட்டார்கள். வேறு யாரும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை.

போலந்துக் குழுவில் ஐந்து பேர். முதல் உருப்படி வேகமானது. சாக்ஸபோன்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். டிரம்ஸ்காரர் சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டே அடித்தார். நம்மவர் பின்னால் நின்று, ஆள் உயர வாத்தியத்தை அணைத்துப் பிடித்து, ஒரே சீராக நடந்து போவதுபோல இழுத்துக்கொண்டிருந்தார். என் கண் அந்த அரையடி இடத்தை விட்டு நகரவில்லை.

"இன்னா மாமா, இப்டி வேர்த்துகினு கீற?" என்றாள் மனைவி.

"ஒட்டு நிக்குமான்னு பாக்கறேன்."

"அது நிக்கும், இல்ல உழும். நீ மொறச்சா மட்டும் இன்னா ஆவப்போவுது? பாட்ட கேளு. அந்த மோளக்காரரு இன்னா ஷோக்கா அடிக்கிறாரு பாரு."

அவள் மடியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். தாளம் எனக்குப் பிடிபடவில்லை, அவளுக்குப் பிடிபட்டிருந்தது.

மூன்றாவது உருப்படியின் நடுவில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். கூட்டத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. மரம் விடுகிற சத்தம் எனக்குத் தெரியும். அவருக்கும் கேட்டுவிட்டது. வாசிப்பை நிறுத்தாமலே இடது கட்டைவிரலால் கழுத்தின் அடியைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

உருப்படி முடிந்து கைதட்டல் நடந்துகொண்டிருக்கும்போதே மேடைக்குப் போனேன். எப்படிப் போனேன் என்று நினைவில்லை. ஒட்டின் மேல் நகத்தை ஓட்டினேன். எதுவும் பிரிந்ததாகத் தெரியவில்லை. ஆனால் எங்கோ ஏதோ விட்டிருக்கிறது. நிறுத்தச் சொல்வதா, தொடரச் சொல்வதா? எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே இறக்கிக் காட்டினேன். கம்பிகளின் இழுவையைக் குறை. அவருக்கு உடனே புரிந்தது. நான்கு கம்பிகளையும் சமமாகத் தளர்த்தினார். ஒவ்வொன்றாக மீட்டிக் காதை வைத்துக் கேட்டார். பியானோக்காரரிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். பியானோக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு ஒரு கட்டையைத் தட்டி ஸ்வரம் கொடுத்தார். கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது. இதுவும் கச்சேரியின் பகுதி என்று நினைத்திருப்பார்கள்.

அதன் பிறகு அவர் விரல் வைக்கிற இடம் எல்லாமே மாறியிருக்க வேண்டும். சுருதி இறங்கிய கம்பியில் பழைய இடத்தில் அழுத்தினால் வேறு ஸ்வரம் அல்லவா வரும்? இருபது வருடமாகப் பழகிய இடங்களை விட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் கொஞ்சம் தள்ளி வைத்து வாசித்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. அவருடைய கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது.

கடைசி உருப்படியில் மற்ற நால்வரும் ஒருவர்பின் ஒருவராக நிறுத்திக்கொண்டார்கள். அவர் மட்டும் வாசித்தார். தளர்ந்த கம்பி சொரசொரவென்று, அடியிலிருந்து வருகிற குரலில் பேசியது. மெதுவாகத்தான் வாசித்தார். ஒரு ஸ்வரத்தை எழுப்பி, அது அடங்குகிற வரை விட்டுவிட்டு, பிறகுதான் அடுத்தது. நான் ஒட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் வாசித்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

திரும்பிப் பார்த்தபோது மனைவி தட்டுவதை நிறுத்தியிருந்தாள். "யாரையோ கூப்புட்டு கூப்புட்டு பாக்கற மாதிரி கீது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் டியூப்லைட் வெளிச்சத்தில் கம்பிகளை முழுக்கத் தளர்த்திவிட்டுப் பார்த்தோம். என் ஒட்டு அப்படியே இருந்தது. விட்டிருந்தது வேறு இடம்: கழுத்தின் மேல் ஓடுகிற கறுப்பு விரல் பலகை, மேல்முனையில் கொஞ்சம் எழும்பியிருந்தது. ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி. வழியில் கழுத்து உடைந்தபோதே அங்கேயும் அடி பட்டிருக்க வேண்டும். முறிந்த இடத்தையே மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த நான் அந்த முனையைப் பார்க்கவே இல்லை. என் ஒட்டு போகவில்லை என்றதும் நிம்மதியாக இருந்தது. அடுத்த நிமிடமே வெட்கமாகவும் இருந்தது. அவரிடம் என்னையும் அந்த இடைவெளியையும் மாறி மாறிச் சுட்டிக்காட்டி, "மை மிஸ்டேக்" என்றேன். அவர் கேட்டுக்கொண்டார். இல்லை என்று மறுக்கவில்லை. தன் கைக்குட்டையை எடுத்து என் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பசைச் சட்டியோடு அவர்கள் தங்கியிருந்த இடத்துக்குப் போய் அதையும் ஒட்டினேன். அரை மணி நேர வேலை. அங்கே மேனேஜர் ஒரு ஆங்கிலப் பத்திரிகையை வைத்துக்கொண்டு எங்களுக்குப் படித்துக் காட்டினார். பாஸ் வாசித்தவரின் தனி வாசிப்பில் கேட்ட இருண்ட, தாழ்ந்த நாதம் அந்த நாட்டு மக்களின் துயரத்திலிருந்து பிறந்தது என்று எழுதியிருந்தார்கள். போலந்துக்காரருக்கு அதைப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரித்தார், பாருங்கள், நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமை அவர்கள் டெல்லிக்குப் போய்விட்டார்கள். அதன்பிறகு அந்த வாத்தியம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. பாதியில் நின்றிருந்த பம்பு உறை பேட்டர்னை முடிக்க அந்த வாரம் முழுக்க ஓவர்டைம் பார்த்தேன். "சொன்னா கேட்டியா நைனா?" என்று மேஸ்திரி ஒருமுறை கேட்டார். ஆனால் யாராவது புதிதாக ஷாப்புக்கு வந்தால், போலந்துக்காரன் வாத்தியத்தை ஒட்டவைத்த ஆள் இவன்தான் என்று அவரே சொல்லிக்கொண்டும் இருந்தார்.

அடுத்த வருடமும் விழா நடந்தது. மேனேஜர் இரண்டு சீட்டு கொடுத்தார். நான் யோசித்தேன், மனைவி யோசிக்கவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக, எட்டாவது வரிசையில் உட்கார்ந்தோம். இந்த முறை எனக்குப் பொறுப்பு எதுவும் இல்லை. கவனமாகக் கேட்டு, இது என்ன இசை என்று புரிந்துகொண்டுவிடுவது என்ற முடிவோடு போயிருந்தேன். மூன்றாவது பாட்டில் தூங்கிவிட்டேன். எல்லாம் முடிந்து நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தபோதுதான் மனைவி என்னை எழுப்பினாள். ரயில் நிலையத்துக்குப் போகிற வழியெல்லாம், நான் எதைத் தவறவிட்டேன் என்று ஒவ்வொரு வாத்தியமாக வாயாலேயே வாசித்துக் காட்டிக்கொண்டு வந்தாள்.