என் பெயர் எழுதிய ஃபைல்

1. கல்யாணமான இரண்டாம் வருடம் என் கணவருக்கு விறைப்பு நிற்காமல் போனது.
2. பல்லடத்தில் லாட்ஜ் அறையில் வைத்தியம் பார்த்த ஒருவர் கொடுத்த லேகியத்தை மூன்று மாதம் தின்றார். நெஞ்செரிச்சல் மட்டும் வந்தது.
3. என் நச்சரிப்பு தாங்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பதிவு செய்யும் இடத்தில் என் பெயரைக் கொடுத்தார்.

மூன்றாவதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

"பேரைச் சத்தமாக் கூப்புடுவாங்க. உக்காந்திருக்கறதுல பாதிப் பேரு நம்ம பனியன் கம்பெனிக்காரங்க," என்று முணுமுணுத்தார். நர்ஸ் என் பெயரைக் கூப்பிட, இருவரும் எழுந்தோம்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். முதலில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். சிகரெட்டை விட வேண்டும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுக்காதவருக்கு மாத்திரை உண்டு. ஆசை இல்லாமல் மாத்திரை மட்டும் வேலை செய்யாது. மாத்திரையில் பலனில்லையென்றால் விறைப்பை வரவைக்கும் பம்பு, ஊசி இருக்கின்றன. மனதில் பயமிருந்தால் அதற்குப் பேசுவதும் சிகிச்சைதான். பிறகு ஃபைலைத் திருப்பிப் பார்த்தார்.

"ரத்த ரிப்போர்ட் இவர் பேருல வரணும். பேரை மாத்திட்டு வாங்க."

நான் சாயப்பட்டறை லேபில் இருப்பவள். சோதனைக்கு வரும் துணியில் லாட் நம்பர் மாறியிருந்தால் அந்த முடிவே செல்லாது. இதைக் கணவரிடம் சொன்னேன். "அடுத்த வாரம் போலாம்" என்றார்.

அதற்குள் பீரோவில் அந்த ஃபைல் அத்தையின் கண்ணில் பட்டது. மறுநாள் மதியம் பக்கத்து ஊட்டு அக்கா வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க, விசேஷம் ஏதாச்சும் உண்டுங்களா?"

"எம்பையனுக்கு ஒரு கொறையுமில்லீங்க. மருமவ பேருலதான் வைத்தியம் ஓடுது."

"அதானுங்க பாத்தேன். நாள் பூரா சாய மருந்த மோந்துட்டு நின்னா வயித்துல எப்புடிங்க தங்கும்?"

என் கணவர் எட்டடி தள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. நிமிர்ந்து, "அம்மா, இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்றார்.

அன்று மாலை அவரிடம் சொன்னேன்: "உங்க பேருல பதிஞ்சா கூட வர்றேன். எம்பேருல இனி வரமாட்டேனுங்க." அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

நான்கு மாதமாகிறது. ரத்தம் எடுக்கவில்லை. மாத்திரை தொடங்கவில்லை. அத்தை எனக்காக வேண்டுதல் வைத்திருக்கிறார். ஃபைல் பீரோவில் இருக்கிறது, என் பெயரோடு.