நட்டுக்கு நகப்பூச்சு

ஓடிப்போனாளாம்! பழைய காரின் எஞ்சினை உருக்கிவிட்டு, முகம் காட்ட முடியாமல் ஓடிப்போனாளாம்! எதிர்வீட்டுத் தையல்காரி துணியோடு சேர்த்து இந்தக் கதையையும் வெட்டி வெட்டி ஒட்டுகிறாள். அவள் தையல் மெஷின் மக்கர் பண்ணும்போதெல்லாம் வந்து நிமிர்த்திக் கொடுத்தது யார்? இந்தப் பெண்தான். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, சரி. ஆனால் ஓடிப்போகிறவள் முன்வாசல் வழியாகவா போவாள்? காலை பத்து மணிக்கு, தெருவே வேடிக்கை பார்க்க?

நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

தெருமுனைப் பட்டறையின் பலகையில் அண்ணன் பெயர். உள்ளே வேலை முழுக்கத் தங்கையுடையது. பூச்சுக்காரி என்றால்தான் அவளைத் தெரியும். ஒரு நட்டை இறுக்கி முடித்தால், சட்டைப்பையிலிருந்து அடர்சிவப்பு நகப்பூச்சை எடுத்து, நட்டின் மேலும் அது கடித்துக்கொண்டிருக்கும் கம்பியின் மேலும் சேர்த்து ஒரே கோடாக இழுத்துவிடுவாள். நட்டு ஒரு மயிரிழை அசைந்தாலும் கோடு இரண்டாகிவிடும், பார்த்தவுடன் தெரியும்.

“பொண்ணு நகத்துக்குப் பூசாம நட்டுக்குப் பூசுது பாரு” என்று சிரித்தார்கள்.

“நகம் கழண்டா வண்டி கவுறாதுக்கா” என்று சொல்லிவிட்டு அடுத்த நட்டுக்குப் போவாள்.

அவள் அப்பா விட்டுப்போனது ஒரு கிழட்டு டர்போ கார். பழைய இரும்புக்குப் போடச் சொன்னான் அண்ணன். டர்போ என்பது ஒரு ஊதுகுழல், அவ்வளவுதான். எஞ்சின் வெளியே துப்பும் புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சுற்றில் இன்னொரு சக்கரம் எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். ஊத ஊத அடுப்பு எரியும். அளவு மீறினால் பாத்திரமே ஓட்டையாகும்.

ஊதுவதற்கு முன்னால் அவள் ஒரு மாதம் நோய் பார்த்தாள். வெடித்துக் கிடந்த ரப்பர் குழாய்களை மாற்றினாள். “இருக்கிற பலமே ஓட்டை வழியா ஒழுகுது, புதுப் பலம் கேட்டா எங்க நிக்கும்?” என்றாள். காற்றைக் குளிர வைக்கும் பெட்டியைப் பெரிதாக்கினாள். புகை தடையில்லாமல் போகக் குழாயை அகலமாக்கினாள். பெட்ரோல் பம்பைப் புதிதாக்கினாள். கடைசியில்தான் காற்றழுத்தத்தைக் கொஞ்சமே கொஞ்சம் ஏற்றி, அதற்குத் தக்கபடி பெட்ரோல் பாயும்படி எஞ்சினின் கம்ப்யூட்டரையும் திருத்தி வைத்தாள். அதோடு கை எடுத்துவிட்டாள். நாலு வருடம் அந்தக் கிழம் மலைப்பாதையில் புது வண்டிகளை முந்திக்கொண்டு ஏறியது. ஒருநாள்கூட வழியில் நிற்கவில்லை.

அதைப் பார்த்துத்தான் மருந்துக்கடைக்காரர் தன்னுடைய பழைய டர்போவைக் கொண்டுவந்து விட்டார். “எனக்கும் இதே மாதிரி பண்ணிக் குடும்மா.” அவள் அதே பொறுமையோடு செய்து, கோடு கோடாய்ச் சிவப்பு இழுத்துக் கொடுத்தாள். மூன்று மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் ஒருநாள் மலைப்பாதையில் வெள்ளைப் புகை கக்கி நின்று, கயிற்றில் கட்டி இழுபட்டு வந்தது.

எஞ்சினைத் திறந்தாள். பிஸ்டன் உருகி ஓட்டையாகியிருந்தது. அழுத்தம் மீறியிருக்கிறது. மிஞ்சும் புகையை ஒதுக்கிவிட டர்போவில் ஒரு சின்ன மூடி உண்டு. அது எப்போது திறக்க வேண்டும் என்பதை ஒரு கம்பி அடக்கி வைக்கும்; கம்பியை முறுக்க முறுக்க மூடி திறக்கத் தாமதமாகி அழுத்தம் ஏறும். அந்தக் கம்பியின் நட்டில் விளக்கைப் பிடித்தாள். கோடு இருந்தது. ஆனால் ரோஸ் நிறத்தில் இருந்தது.

மற்ற நட்டெல்லாம் அடர்சிவப்பு. இது ஒன்று மட்டும் மிட்டாய் ரோஸ். நகத்தால் சுரண்டினாள். அடியில் அவளுடைய சிவப்பு, பாதியாய் அறுந்து கிடந்தது.

அந்த நேரம் பார்த்து டீ கொண்டுவந்தாள் அண்ணி. டம்ளரைப் பிடித்திருந்த பத்து விரலிலும் அதே ரோஸ்.

“அண்ணி, உங்க பூச்சு நல்லா இருக்கே. எஞ்சினுக்குக்கூடப் பொருந்துது.”

அண்ணி விரல்களை மடக்கிக்கொண்டு, “அவருதான் ரெண்டு நாளைக்குக் குடுன்னு வாங்கிட்டுப் போனாரு. எதுக்குன்னு நான் கேக்கல” என்று முணுமுணுத்தாள். பட்டறை மூலையில் நின்ற அண்ணன், துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தான்.

“அஞ்சு சுத்துதான் முறுக்குனேன். அந்த ஆளு இன்னும் வேகம் வேணும்னாரு. நீ கஞ்சத்தனமா வச்சிருந்த.”

“முறுக்குனது கூடப் பரவாயில்லண்ணே. என் கோட்டை எதுக்குப் போட்ட?”

பேச்சுக் கேட்டு வந்த அம்மா அவளைக் கையைப் பிடித்து, பட்டறையை ஒட்டிய வீட்டின் சமையலறைக்கு இழுத்துப் போனாள். “பலகையில அவன் பேருடி. ரெண்டு புள்ளக்காரன். அந்தாளு பத்து மணிக்கு வருவாரு. ‘நான்தான் சரியா இறுக்கல’ன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. உனக்கு என்ன தேஞ்சா போயிடும்?”

“தேஞ்சிடும்மா. என் கோடு பொய் சொல்லாதுன்னுதான் ஆளுங்க புள்ளகுட்டியோட மலை ஏறுறாங்க. இன்னிக்கு இதை என்னோடதுன்னு ஒத்துக்கிட்டா, ஊர்ல ஓடுற என் அத்தனை கோடும் பொய்.”

“அண்ணனை விட உனக்கு நட்டு பெருசா?”

“நட்டைத் திருகுனது அவருதாம்மா.”

மருந்துக்கடைக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “தங்கச்சி ஒண்ணு சொல்லணுமாம்” என்றான். அவள் அவரைக் குனியச் சொல்லி இரண்டு நிறத்தையும் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“போன மாசம் நீ இல்லாதப்ப ஆயில் மாத்த மட்டும்தான் விட்டேன். திரும்ப எடுத்தா வண்டி பறக்குது. ஆயில் மாத்துனதுக்கே இவ்வளவா, நல்ல ஆயிலுன்னுல்ல நினைச்சேன்!”

அண்ணன் முகம் கறுத்தது. “வந்தவங்க முன்னாடி மானத்தை வாங்கிட்ட. இப்பவே மன்னிப்புக் கேளு. இல்லன்னா…”

“அந்த இல்லன்னாவே எனக்குப் போதும்ணே.”

தன் கருவிப்பெட்டியை எடுத்தாள். அடர்சிவப்புக் குப்பியைப் பையில் போட்டாள். பின்கட்டு வழியாகப் போகச் சொல்லி அம்மா கண்ணால் கெஞ்சினாள். அவள் முன்வாசலைத்தான் மிதித்தாள்.

அப்பாவின் கார் ஒரே சாவியில் கிளம்பியது. ஆனால் அவள் நகரவில்லை. எண்ணெய் சூடாகி டர்போவுக்கு ஏறாமல் அவள் ஒருநாளும் விரட்டியதில்லை; கோபம் வந்த அன்றைக்கு மட்டும் விரட்டுவாளா? தையல்காரி ஜன்னலில் கழுத்தை நீட்டினாள். மனசு மாறிவிட்டது என்று நினைத்து அம்மா படி வரைக்கும் வந்துவிட்டாள். தெரு மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, எண்ணெயின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். முள் ஏற வேண்டிய இடத்துக்கு ஏறியது. கியரைப் போட்டு, நிதானமாகப் போனாள்.